கண்ணுறை: பகலில் உறங்குகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஒரு மருந்துக் கடை. மாலை ஐந்து மணி. பணிக்குக் கிளம்பும் வழியில் நின்று, "கண்கட்டி இருக்கிறதா?" என்று கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"எந்தக் கண்ணில் சார்?"

நான் விழித்தேன். "சீழ் வைத்திருக்கிறதா, வெறும் வீக்கம்தானா?" என்று கேட்டுக்கொண்டே களிம்புக் குழாய் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். மருந்துக் கடையில் நோயின் பெயரைச் சொன்னாலே அதற்கு மருந்து கேட்டதாகத்தான் பொருள். கண்ணிமையில் வரும் கட்டிக்குத் தமிழில் பெயர் கண்கட்டி. நான் கேட்க நினைத்ததோ வெளிச்சம் புகாமல் கண்ணை மூடிக்கொண்டு தூங்க உதவும் துணி.

பதினோரு ஆண்டுகள் ஒரு நாளிதழில் இரவுப் பணி பார்த்தவன் நான். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போய், வீடு வந்து படுக்க மூன்றரை மணி ஆகிவிடும். ஜூன் மாதத்தில் சென்னையில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் உதித்துவிடுகிறது. என் அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் கிழக்கு பார்த்தது. ஆகவே இந்தத் துணியைப் பற்றி எனக்கு இரண்டு வகையில் அக்கறை உண்டு: சொல் பார்த்துப் பிழைப்பவன் என்ற முறையிலும், தூக்கம் கெட்டவன் என்ற முறையிலும்.

எந்தப் பெயரில் அழைப்பது?

கடையில் கேட்பதற்கு 'ஐ மாஸ்க்' போதும், எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. குளிர்பெட்டியில் வைத்துக் கண்மேல் போட்டுக்கொள்ளும் ஜெல் பட்டையும் ஐ மாஸ்க்தான். கருவளையத்துக்கு ஒட்டிக்கொள்ளும் ஈரத்தாளும் ஐ மாஸ்க்தான். முதல் முறை இணையத்தில் வாங்கியபோது எனக்கு வந்து சேர்ந்தது நீல ஜெல் நிரம்பிய ஒரு பை. அதில் கண்ணுக்கு நேராக இரண்டு ஓட்டைகள் வேறு! 'தூங்கும்போது மாட்டிக்கொள்வது' என்று சேர்த்துச் சொன்னால்தான் சரியான பொருள் கைக்கு வரும். இணையத்தில் 'ஸ்லீப் மாஸ்க்' என்று தேடுவது இன்னும் பாதுகாப்பு.

எழுதும்போதுதான் தகராறு. ஆங்கிலத்தில் உள்ளதை அப்படியே பெயர்த்து 'தூக்க முகமூடி', 'கண் முகமூடி' என்று எழுதுகிறார்கள். முகமூடி என்றதும் தமிழனுக்கு முதலில் நினைவுக்கு வருவது கொள்ளைக்காரன். தவிர, இந்தத் துணி முகத்தை மூடுவதில்லை. கண்ணை மட்டுமே மூடுகிறது. 'கண் கவசம்' என்றால் வெல்டிங் வைப்பவர் அணிவது. 'கண்பட்டை' குதிரைக்குப் போய்விட்டது.

'கண்கட்டு' நல்ல சொல்தான். ஆனால் அதன் சகவாசம் சரியில்லை. கண்கட்டு வித்தை என்றால் ஏமாற்று. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல என்றால் திக்குத் தெரியாமல் தவிப்பது. செக்கு மாட்டுக்குக் கண்ணைக் கட்டுகிறோம், சுற்றிச் சுற்றி வருவதில் அதற்குத் தலை சுற்றக்கூடாதே என்று. கைதியின் கண்ணைக் கட்டுகிறார்கள். பொங்கல் விளையாட்டில் பானை உடைக்கக் கட்டுவது ஒன்றுதான் இதில் கொஞ்சம் மகிழ்ச்சியானது. தமிழில் கண்ணைக் கட்டுவது பெரும்பாலும் பிறர் நமக்குச் செய்வது. நாமே விரும்பி, நம் சுகத்துக்காகச் செய்துகொள்வதற்கு இந்தச் சொல் ஒட்டவில்லை.

என் தேர்வு 'கண்ணுறை'. கையுறை, காலுறை, தலையணை உறை என்ற வரிசையில் இயல்பாக வந்து உட்காருகிறது. கண் + உறை என்பதில் தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வரும்போது இரட்டிப்பதால் கண்ணுறை. 'கண் உறை' என்று பிரித்து எழுதினாலும் குற்றமில்லை. புலவர்கள் சண்டைக்கு வரலாம்: புறநானூற்றின் 140ஆம் பாட்டில் கண்ணுறை என்பதற்குப் பொருளே வேறு. சமைக்கும் கீரைக்கு மேலே தூவச் சிறிது அரிசி கேட்ட ஔவையாருக்கு நாஞ்சில் வள்ளுவன் யானையையே கொடுத்துவிடுகிறான். அந்தத் தூவும் அரிசிதான் அங்கே கண்ணுறை. அந்தப் பொருள் இன்று பேச்சிலும் இல்லை, சமையற்கட்டிலும் இல்லை. ஆகவே சொல்லை எடுத்துக்கொள்வதில் யாருக்கும் நட்டமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: 'கண்ணுறு' என்ற வினைக்குப் 'பார்' என்று பொருள். 'கண்ணுற்றேன்' என்று எழுதினால் பார்த்தேன் என்றாகிவிடும். எனவே இதை வினையாக்க வேண்டாம். கண்ணுறையை மாட்டிக்கொண்டேன், அணிந்தேன், போட்டுக்கொண்டேன் என்பதெல்லாம் சரி. பின்னால் முடிச்சுப் போடும் நாடா இருந்தால் மட்டும் 'கட்டிக்கொண்டேன்'.

"மதுரை தாண்டியதும் கண்ணுறையை மாட்டிக்கொண்டு படுத்தவர் எழும்பூரில்தான் எழுந்தார்." படிக்கிறவருக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது.

கண்ணை மூடினால் போதாதா?

போதாது. வெயிலை நோக்கிக் கண்ணை மூடிப் பாருங்கள், சிவப்பாகத் தெரியும். இமை ஒரு மெல்லிய திரைதான். நீலத்தை ஓரளவு தடுத்துச் சிவப்பை அதிகம் விடுகிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நண்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். முழு நிலவு ஒரு லக்ஸைக்கூட எட்டாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நம் படுக்கையறை இருக்கிறது.

விழித்திரையில் பார்வைக்கான செல்கள் தவிர, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் மூளைக்குச் சொல்லும் செல்களும் உண்டு. அவற்றில் மெலனாப்சின் என்ற நிறமி இருக்கிறது. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு அவை அதிகம் துடிக்கும். அவை அனுப்பும் செய்தியை வைத்துத்தான் மூளையில் உள்ள உடல்கடிகாரம், இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைக் கூட்டிக் குறைக்கிறது. 2022இல் ஆய்வாளர் குழு ஒன்று இதற்கு ஓர் அளவுகோல் முன்மொழிந்தது: அந்தச் செல்கள் உணரும் ஒளியின் அளவு பகலில் குறைந்தது 250 லக்ஸ், படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் அதிகபட்சம் 10, உறங்கும் இடத்தில் அதிகபட்சம் 1.

அதே ஆண்டு அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 20 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரே ஓர் இரவு 100 லக்ஸ் வெளிச்சத்தில் உறங்கியவர்களுக்கு இதயத் துடிப்பு கூடியிருந்தது. மறுநாள் காலை இன்சுலின் வேலை செய்வதும் மந்தப்பட்டிருந்தது. அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு தூங்கவில்லை.

கண்ணுறையைப் பற்றியே நடந்த ஆய்வும் உண்டு. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில், 18 முதல் 35 வயது வரையிலானவர்களுக்குச் சில இரவுகள் சரியான கண்ணுறையும், வேறு சில இரவுகள் கண் இருக்கும் இடத்தில் ஓட்டை வெட்டிய கண்ணுறையும் கொடுத்தார்கள். சரியானதை அணிந்து உறங்கிய பிறகு புதிய சொல் இணைகளை மனதில் பதிக்கும் திறனும், வினையாற்றும் வேகமும் கூடின. ஆனால் உறங்கிய நேரம் மாறவில்லை. இரவில் உறங்கும் இளைஞர்களிடம் கண்டது பகலில் உறங்கும் நடுவயதுக்காரனுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த ஓட்டைக் கண்ணுறை எனக்குப் பிடித்திருந்தது. முகத்தில் துணி கிடக்கும் உணர்வு இரண்டு வகை இரவுகளிலும் ஒன்று, வெளிச்சம் மட்டும்தான் வேறு.

முதல் படி: அறையைப் பாருங்கள்

கண்ணுறை வாங்கும் முன், நீங்கள் தூங்கும் நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கண்ணைத் திறந்தபடி படுத்திருங்கள். எங்கிருந்தெல்லாம் வெளிச்சம் வருகிறது என்று கண் பழகப் பழகத் தெரியும். கதவுக்கு மேலே உள்ள வென்டிலேட்டர், திரைச்சீலைக்கும் சுவருக்கும் நடுவில் விழும் கோடு, இணைய மோடத்தின் பச்சைப் புள்ளிகள், ஏசியின் எண்கள். சிறு விளக்குகளுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு போதும். மொத்தச் செலவு பத்து இருபது ரூபாய். சொந்த வீடாக இருந்தால் ஜன்னலுக்கு ஒளிபுகாத் திரை போடுவதே முதல் வேலை. வாடகை வீடு, விடுதி, மருத்துவமனை, ரயில், ஒரே அறையில் குழந்தைகள் படிக்கும் வீடு — இங்கெல்லாம்தான் கண்ணுறைக்கு ஈடில்லை. ஒருவர் இருட்டில் இருக்க, மற்றவர்கள் வெளிச்சத்தில் இருக்கலாம்.

இரண்டாம் படி: வகையைத் தேர்ந்தெடுங்கள்

தட்டையானது, குழிவானது என்று இரண்டே வகை என வைத்துக்கொள்ளுங்கள். தட்டையானது துணி மட்டும்; மலிவு, மடித்துச் சட்டைப்பையில் வைக்கலாம், ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்கு உறுத்தாது. ஆனால் இமையை அழுத்தும். குழிவானதில் கண் இருக்கும் இடம் கிண்ணம்போல் புடைத்திருக்கும். உள்ளே இமையைத் திறந்து மூடலாம், இமைமயிர் தட்டாது. ஃபோமால் ஆனதால் வெயில் காலத்தில் வியர்க்கும்.

துணியில் சாட்டினைக் கண்டு மயங்க வேண்டாம். பட்டு என்று விற்கப்படும் மலிவான கண்ணுறைகளில் பல பாலியெஸ்டர் சாட்டின்தான். அக்னி நட்சத்திரத்தில் அதை மாட்டிக்கொண்டு படுத்தால் கண்ணுக்கு ஆவி பிடித்தது போலிருக்கும். நம் ஊருக்கு உள்பக்கம் பருத்தி இருப்பதே நல்லது. ஹெட்ஃபோன் வைத்தது, உள்ளே மணிகள் நிரப்பிக் கனமாக்கியது என்று வேறு பலவும் உண்டு. எனக்கு அவற்றில் நாட்டமில்லை.

மூன்றாம் படி: மூக்கைச் சோதியுங்கள்

விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. துணி எவ்வளவு கறுப்பாக, எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். வெளிச்சம் துணி வழியாக வருவது குறைவு. மூக்கின் இரு பக்கமும் உள்ள பள்ளம் வழியாகத்தான் வருகிறது. எடுப்பான மூக்குக்காக வெட்டிய கண்ணுறை சப்பை மூக்குக்காரருக்குக் கீழே ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கும்.

சோதனை எளிது. நல்ல வெளிச்சமுள்ள அறையில் கண்ணுறையை மாட்டிக்கொண்டு, உள்ளே கண்ணைத் திறந்து, தலையை அசைக்காமல் விழியை மட்டும் கீழே இறக்குங்கள். உங்கள் மார்புச் சட்டையோ தரையோ தெரிந்தால் அது தேறாது. பிறகு விழியை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஓட்டுங்கள். கடைசியாக, கைபேசியின் டார்ச்சை எரியவிட்டு அதன்மேல் துணியை விரித்துப் பாருங்கள். நட்சத்திரம்போல் புள்ளிகள் தெரியாதவரை சரி. தைத்த ஊசித்துளைகளில் மட்டும் லேசாகத் தெரிந்தால் பரவாயில்லை.

நல்ல கண்ணுறையின் உள்பக்கம், மூக்கு வரும் இடத்தில், சின்ன மடல் ஒன்று தொங்கும். பிட்டுத்துணி மிச்சம் போலத் தெரியும் அதுதான் அந்தப் பள்ளத்தை அடைக்கிறது. அந்த மடல் இல்லாத கண்ணுறை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.

நான்காம் படி: வீட்டிலேயே தைக்கலாம்

உங்கள் மூக்குக்குச் சரியானது கடையில் கிடைக்கவில்லை என்றால் தைத்துவிடுங்கள். தையல் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. என் முதல் திட்டம், சபரிமலைக்கு மாலை போட்டபோது உடுத்திய கறுப்பு வேட்டியைக் கத்தரிப்பது. அம்மா கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டார். கடைசியில் கறுப்பு உள்பாவாடைத் துணி கால் மீட்டர் வாங்கினோம். அழுத்தமான பருத்தி, மலிவு, எந்தத் துணிக்கடையிலும் கிடைக்கும். உள்பக்கத்துக்கு நைந்த வெள்ளை வேட்டி. நடுவில் மெல்லிய ஃபோம் அல்லது பழைய துண்டில் ஓர் அடுக்கு.

ஒரு காகிதத்தை 20 செ.மீ. நீளம், 9.5 செ.மீ. உயரத்துக்கு வெட்டி நடுவில் மடியுங்கள். மடிப்பின் கீழ்ப்பக்கம் மூக்குக்கு வளைவு வெட்ட வேண்டும்: விரித்தால் 4 செ.மீ. அகலம், 3.5 செ.மீ. உயரம் வரும்படி. நான்கு மூலைகளையும் உருட்டிவிடுங்கள். முகத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்து, இடிக்கிற இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரியுங்கள். துணியில் வெட்டிய பிறகு திருத்த முடியாது. காகிதத்தில் பத்து முறை வெட்டலாம். இந்த அளவோடு சுற்றிலும் முக்கால் செ.மீ. தையலுக்கு விட்டு மூன்று அடுக்குகளையும் வெட்டுங்கள். மடலுக்குத் தனியாகக் கறுப்புத் துணியில் இரண்டு அரைவட்டங்கள்: நேர்ப்பக்கம் 10 செ.மீ., ஆழம் 4 செ.மீ. இரண்டையும் வளைந்த பக்கம் சேர்த்துத் தைத்துத் திருப்பிக்கொள்ளுங்கள்.

எலாஸ்டிக்குக்கு ஒரு கணக்கு உண்டு. தலைச் சுற்றளவை அளந்து அதில் 20ஐக் கழித்து, மேலும் 4ஐக் கழியுங்கள். என் தலை 56. எனக்கு 32 செ.மீ. இரண்டு செ.மீ. அகலமுள்ள எலாஸ்டிக்காக வாங்குங்கள். மெல்லியது காதுக்கு மேலே கோடு போட்டுவிடும்.

இப்போது அடுக்குங்கள். வெள்ளைத் துணியின் நல்ல பக்கம் மேலே பார்க்கட்டும். அதன்மேல் மடலின் நேர்ப்பக்கத்தை மூக்கு வளைவின் விளிம்போடு சேர்த்து, மடல் துணியின் உள்பக்கமாகப் படுத்திருக்கும்படி ஓடுதையல் போடுங்கள். எலாஸ்டிக்கின் இரு முனைகளையும் பக்க விளிம்புகளில், நடுவைவிடச் சற்று மேலே வைத்து, மிச்சத்தை உள்ளே சுருட்டி ஊசி குத்துங்கள். கறுப்புத் துணியை நல்ல பக்கம் கீழே பார்க்க அதன்மேல் கவிழ்த்து, எல்லாவற்றுக்கும் மேலே ஃபோம். சுற்றிலும் தையுங்கள், மேல் விளிம்பில் மட்டும் 5 செ.மீ. விட்டுவிடுங்கள். மூக்கு வளைவில் தையலைத் தொடாமல் நாலைந்து சிறு வெட்டுகள் கொடுங்கள், இல்லாவிட்டால் திருப்பும்போது சுருங்கும். விட்ட வாய் வழியாகத் திருப்பினால் மடல் தானாகக் கீழே வந்து தொங்கும். வாயைக் கையால் தைத்து மூடிவிட்டால் வேலை முடிந்தது.

நான் தைத்த முதல் கண்ணுறையில் மடலைத் தலைகீழாக வைத்துவிட்டேன். அது ஃபோமுக்கும் துணிக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டு, நெற்றியில் ஒரு கட்டிபோலப் புடைத்தது. கடைசியில் உண்மையாகவே கண்கட்டி!

ஐந்தாம் படி: மாட்டிப் பழகுங்கள்

முதலில் கண்ணை மூடுங்கள், பிறகு மாட்டுங்கள். கண்ணுறையைக் கன்னத்திலிருந்து மேலே ஏற்றாமல், நெற்றியிலிருந்து கீழே இறக்கினால் மடல் ஒழுங்காக அமரும். எலாஸ்டிக் காதுக்கு மேலே போக வேண்டும். இறுக்கம் ஒரு விரல் எளிதாக நுழையும் அளவு. எழுந்ததும் முகத்தில் தடம் பதிந்திருந்தால், பார்வை சில நிமிடம் மங்கலாகத் தெரிந்தால், தளர்த்துங்கள். பின்னல் போட்டிருப்பவர்கள் பின்னலுக்கு மேல்பக்கமாக எலாஸ்டிக்கை விடலாம். வெல்க்ரோ வைத்தது தலைமுடியைப் பிடுங்கும்.

முதல் இரண்டு மூன்று நாள் பாதித் தூக்கத்தில் நம்மை அறியாமல் கழற்றி எறிந்துவிடுவோம். அதற்காகக் கைவிட வேண்டாம். விடுமுறை நாளில் பகல் தூக்கத்துக்கு அரை மணி நேரம் மாட்டிப் பழகினால் எனக்கு எளிதாக இருந்தது.

இரவுப் பணிக்காரர்கள் காலை வெயிலில் வீடு திரும்ப நேர்ந்தால், வழியிலேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் உடல் 'விடிந்துவிட்டது' என்று முடிவு கட்டுவது தள்ளிப்போகும். இது பஸ்ஸில் வருகிறவர்களுக்கு. தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுகிறவருக்குக் கண்ணாடி இன்னும் ஆபத்து. அவர் வண்டியே ஓட்டாதிருப்பது நல்லது. எழுந்த பிறகோ நேர்மாறு: கண்ணுறையைக் கழற்றியதும் திரையை விலக்கி வெளிச்சத்தில் நில்லுங்கள். பகல் இரண்டு மணியானாலும் உங்களுக்கு அதுதான் காலை.

ரயிலில் முன்பதிவுப் பெட்டியில் படுக்கை நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. அதற்காக விளக்கு முழுதும் அணைந்திருக்கும் என்று அர்த்தமில்லை. நடைபாதையின் நீல விளக்கும், நடுவில் ஏறுகிறவர் இருக்கை எண் தேடும் டார்ச்சும் உண்டு. கண்ணுறை மாட்டும் முன் டிக்கெட் பரிசோதகர் வந்து போய்விட்டாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசியில் அலாரத்தை அதிர்விலும் வையுங்கள். கைப்பையின் வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

துவைப்பது

நெற்றியில் திருநீறு, தலையில் தேங்காய் எண்ணெய், மேலே சென்னை வியர்வை: மூன்றும் சேர்ந்த துணி நாள் முழுக்கக் கண்மேல் கிடக்கிறது. மூன்று நாளுக்கு ஒரு முறையாவது அலசுங்கள். மென்மையான சோப்பு நீரில் கையால் கசக்கி, பிழியாமல் துண்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி, நிழலில் உலர்த்துங்கள். பிழிந்தால் குழிவான வகையின் கிண்ணம் போய்விடும். வெயிலில் போட்டால் எலாஸ்டிக் தொய்யும். இரண்டு வைத்துக்கொள்வது நல்லது.

யார் அணியக்கூடாது?

கண்புரை அல்லது வேறு கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் பிளாஸ்டிக் மூடி வேறு, இது வேறு. மருத்துவரைக் கேட்காமல் அதற்குப் பதிலாக இதை மாட்டக்கூடாது. கண்நீர் அழுத்த நோய் இருப்பவர்கள் கண்ணை அழுத்தும் தட்டையான வகையைத் தவிர்த்து, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றாமல் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டாம். மெட்ராஸ் ஐ வந்தவர் போட்ட கண்ணுறையை வேறு யாரும் தொட வேண்டாம். அவரும் குணமானபின் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று தைத்துக்கொள்ளட்டும். தானே கழற்றிக்கொள்ளத் தெரியாத குழந்தைக்கு, வெளிச்சம் எவ்வளவு அடித்தாலும், இதை மாட்டவே கூடாது. அந்த வீட்டில் ஜன்னலுக்குத்தான் துணி கட்ட வேண்டும்.